முழங்கால்மேல் பழியைப் போடாதீர்கள்

செபாஸ்டியன் டெய்ஸ்லரைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்: 'காயத்தால் பாழாய்ப்போன திறமை.' காணொளிப் பட்டியல்களிலும் அவருக்கு நிரந்தர இடம் உண்டு. 'வென்றிருக்க வேண்டிய பத்துப் பேர்', 'என்ன ஆனார்கள் இவர்கள்?' என்று சோக இசை போட்டு ஓடும் பட்டியல்கள். பத்தில் ஒருவராகத் தலையில் நீளமுடியோடு டெய்ஸ்லர் ஓடிவருவார், ஒரு ஃபிரீ கிக் அடிப்பார், அடுத்த காட்சியில் ஊன்றுகோலோடு நடப்பார். முடிந்தது கதை.

எனக்கு அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளோடும் சண்டை இருக்கிறது. 'காயத்தால்' என்பது அரைகுறைப் பதில். 'பாழாய்ப்போன' என்பது அநியாயம்.

முதலில் பெயரே கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக. டெய்ஸ்லர் 1980 ஜனவரி 5-ல் பிறந்தவர். ஊர் லோராக், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜெர்மானியச் சிற்றூர். 15 வயதில் வீட்டைவிட்டு நாட்டின் மறுகோடியில் இருக்கும் பொருசியா மொன்ஷென்கிளாட்பாக் கிளப்புக்குப் போனார். 1998-99 பருவத்தில் பண்டஸ்லீகாவில் ஆடத் தொடங்கினார். அந்தப் பருவத்தோடு கிளாட்பாக் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. டெய்ஸ்லர் ஹெர்த்தா பெர்லினுக்குப் போனார், 2002-ல் பாயர்ன் மியூனிக்குக்கு. தேசியக் குழுவுக்கு 36 ஆட்டங்கள், பண்டஸ்லீகாவில் 135 ஆட்டங்கள். 2007 ஜனவரி 16-ல் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, 'போதும்' என்று சொல்லிவிட்டார். வயது 27, கூடுதலாகப் பதினொரு நாள்.

இப்போது 'காயத்தால்' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிற பொறியாளன். இயந்திரம் நின்றுபோனால் ஏன் நின்றது என்று அறிக்கை எழுத வேண்டும். 'பேரிங் உடைந்துவிட்டது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மேலதிகாரி அதை என் மேசைக்கே திருப்பி அனுப்புவார். உடைந்தது எல்லாருக்கும் தெரியும், ஏன் உடைந்தது என்பதுதான் கேள்வி. தண்டு நேராக இல்லையா, எண்ணெய் போடவில்லையா, ஓய்வு கொடுக்காமல் ஓட்டினோமா? உலோகச் சோர்வு என்று ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே அடியில் உடையாத இரும்பு, அதைவிடக் குறைந்த பாரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடையும். உடைந்த முகப்பை எடுத்துப் பார்த்தால், அலை ஒதுங்கிய மணலில் தெரிவதுபோல் வரிவரியாகக் கோடுகள் இருக்கும். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்த தடம் அது. கடைசி நாளின் பாரம் மிகச் சாதாரணமாகக்கூட இருந்திருக்கலாம்.

விளையாட்டுப் பத்திரிகைகள் டெய்ஸ்லரைப் பற்றி எழுதுவது என் மேலதிகாரி திருப்பி அனுப்பும் அறிக்கை. முழங்கால் உடைந்தது. கையொப்பம். கோப்பை மூடு.

அந்த மணல்வரிகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

முதல் வரி, 2000-ஆம் ஆண்டு. ஜெர்மனி 1996 ஐரோப்பியக் கிண்ணத்தின் வெற்றியாளர். நான்கு ஆண்டு கழித்து அதே கிண்ணத்தைக் காக்கப் போன குழுவில் 39 வயது லோத்தார் மத்தேயஸ் இன்னும் தற்காப்பில் நின்றுகொண்டிருந்தார். ருமேனியாவுடன் சமநிலை, இங்கிலாந்திடம் தோல்வி, போர்ச்சுகலிடம் 3-0 தோல்வி. மூன்று ஆட்டத்தில் ஒரே புள்ளி, பிரிவில் கடைசி இடம். அந்தச் சிதிலத்தில் தேறுவதற்கு யாராவது இருக்கிறார்களா என்று நாடே தேடியபோது கண்ணில் பட்டவர்களில் ஒருவர், 20 வயது டெய்ஸ்லர். 'நூற்றாண்டின் திறமை' என்றார்கள். 'பாஸ்டி ஃபன்டாஸ்டி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஒரு சங்கம் பல ஆண்டுகளாக இளையோர் பயிற்சியைக் கோட்டை விட்டதற்கு ஒரு பையனின் வலது கால் ஈடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தப் பையனுக்குப் பதின்ம வயது முடிவதற்குள்ளேயே முழங்கால் தொல்லை தொடங்கியிருந்தது. தெரிந்தேதான் ஏற்றினார்கள் பாரத்தை.

இரண்டாவது வரி, 2001. பாயர்ன் மியூனிக் டெய்ஸ்லரை முன்கூட்டியே வளைத்துப் போட்டிருந்தது. அதற்காக அவர் கணக்கில் 20 மில்லியன் மார்க் போட்டிருந்த விஷயம், வங்கி ஆவணத்தோடு பத்திரிகைக்குக் கசிந்தது. அவர் அப்போது இன்னும் ஹெர்த்தா ஆட்டக்காரர். சொந்த ரசிகர்களே அவரைத் துரோகி என்று கூச்சலிட்டார்கள். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாயர்னின் மேலாளர் உலி ஹோனெஸ். ஹெர்த்தாவின் மேலாளர் அவருடைய சொந்தத் தம்பி டீட்டர் ஹோனெஸ். இரண்டு பக்கமும் அனுபவசாலிகள், இரண்டு பக்கமும் வழக்கறிஞர்கள். கூச்சல் மட்டும் 21 வயதுக்காரனுக்கு. பணம் வாங்கினானே என்பீர்கள். வாங்கினார்தான். கொடுத்தவர்களை யாரும் அரங்கத்தில் நிற்கவைத்துக் கூவவில்லையே!

மூன்றாவது வரி, 2002 மே. உலகக் கிண்ணத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஆஸ்திரியாவோடு ஒரு நட்புமுறை ஆட்டம். ஜெர்மனி 6-2 என்று வென்றது. வெற்றியால் ஒரு பயனும் இல்லாத அந்த ஆட்டத்தில் டெய்ஸ்லரின் முழங்கால் போனது. அவர் இல்லாமலே ஜெர்மனி யோக்கொஹாமா வரை போய் இறுதியாட்டத்தில் பிரேசிலிடம் தோற்றது. பாயர்னுக்கு வந்த புது நட்சத்திரம் முதல் பல மாதங்களை மருத்துவர்களோடு கழித்தார்.

நான்காவது வரி, 2003 நவம்பர். டெய்ஸ்லர் மனச்சோர்வுக்காக மியூனிக்கில் உள்ள மேக்ஸ் பிளாங்க் மனநல ஆய்வுக்கழகத்தில் சேர்ந்தார். கிளப் அதை மறைக்காமல் அறிவித்தது. இதற்காகப் பாயர்னைப் பாராட்டத்தான் வேண்டும். தசைப்பிடிப்பு, வைரஸ் காய்ச்சல் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம், செய்யவில்லை. 2004-ல் திரும்பி வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நோயும் திரும்பி வந்தது. மறுபடி சிகிச்சை, மறுபடி திடல். 2005 கூட்டமைப்புக் கிண்ணத்தில் தேசியக் குழுவுக்காக ஆடினார்.

ஐந்தாவது வரி, 2006 மார்ச். பயிற்சியில் மீண்டும் முழங்கால். சொந்த நாட்டில் நடந்த உலகக் கிண்ணம், நாடே கொடி கட்டிக் கொண்டாடிய அந்தக் கோடை, அவருக்கு இல்லை. அவ்வருட இறுதியில் மீண்டும் வந்தார், சில ஆட்டங்கள் ஆடினார். பிறகு ஜனவரி. முழங்கால்மேல் நம்பிக்கை போய்விட்டது, ஆட்டம் வதையாகிவிட்டது என்ற பொருளில்தான் அன்று பேசினார்.

சரி, அவரே முழங்கால் என்றுதானே சொன்னார், நீ யார் மறுக்க, என்று கேட்கலாம். நான் முழங்காலை மறுக்கவில்லை. வலி உண்மை, அறுவைச் சிகிச்சைகள் உண்மை. ஆனால் அவர் பேசியது நம்பிக்கையைப் பற்றி. நம்பிக்கை எந்தக் குருத்தெலும்பில் இருக்கிறது? எந்த ஸ்கேனில் தெரியும்? பத்திரிகைகள் அந்த வாக்கியத்திலிருந்து முழங்காலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன. ஏனென்றால் முழங்கால்மேல் யாரும் வழக்குப் போட முடியாது. அது விதி. 'நூற்றாண்டின் திறமை' என்று தலைப்புப் போட்ட ஆசிரியர், கூவிய ரசிகர், நட்புமுறை ஆட்டங்களை நெருக்கியடித்துப் போடும் சங்கம், எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது 'பாழாய்ப்போன' என்ற இரண்டாம் பாதி. இதற்கு நான் வேறு யாரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. 2007 ஜனவரியில் டெய்ஸ்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலி ஹோனெஸையே அழைக்கிறேன்.

ஹோனெஸ் 1952-ல் பிறந்தவர். 1975 ஐரோப்பியக் கிண்ண இறுதியில், பாரிஸில், லீட்ஸ் யுனைடெட்டுக்கு எதிராக அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அதற்குப் பிறகு பழைய வேகம் திரும்பவே இல்லை. 1979-ல் ஆடுவதை நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 27.

அதே வயது. அதே முழங்கால். அதே கிளப். ஹோனெஸைப் பற்றி யாராவது 'பாழாய்ப்போன திறமை' என்று எழுதி நீங்கள் படித்ததுண்டா? இருக்காது. காரணம் எளிமையானது. நிறுத்துவதற்கு முன்னால் அவர் 1972 ஐரோப்பியக் கிண்ணத்தையும் 1974 உலகக் கிண்ணத்தையும் வென்றுவிட்டார், கிளப்போடு மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள் வேறு. நிறுத்திய கையோடு மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதாவது நாம் வாங்க வேண்டியதை அவரிடமிருந்து வாங்கிவிட்டோம். கடன் தீர்ந்தது. டெய்ஸ்லர் கணக்கில்தான் பாக்கி நிற்கிறது. 'பாழ்' என்ற சொல்லின் உண்மையான பொருள் இதுதான்: எனக்கு வரவேண்டியது வரவில்லை. அது ரசிகனின் வசூல் நோட்டு. ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெய்ஸ்லர் பாயர்னோடு மூன்று முறை லீக் வென்றார், மூன்று முறை ஜெர்மானியக் கிண்ணம் வென்றார். உலகத்தில் காற்பந்து ஆடும் கோடிக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? இதைப் 'பாழ்' என்று சொல்பவர், வார இறுதியில் ஃபுட்சால் வளாகத்தில் மணிக்கு இவ்வளவு ரிங்கிட் என்று கொடுத்து மூச்சிரைக்க ஆடிவிட்டு வருபவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

விலகுவதையே குற்றமாகப் பார்க்கும் மனநிலை டெய்ஸ்லரோடு முடிந்துவிடவில்லை. 2015-ல் மார்செல் யான்சன் 29 வயதில் ஆட்டத்தை நிறுத்தினார். உடம்பில் பெரிய கோளாறு இல்லை, வேறு வாழ்க்கை வேண்டும் என்றார். ரூடி வோலருக்குப் பொறுக்கவில்லை. இப்படிச் செய்பவர் காற்பந்தை ஒருநாளும் நேசித்திருக்கவே மாட்டார் என்ற பொருளில் பேசினார். இந்த வோலர்தான் 2002-ல், அந்த ஆஸ்திரியா ஆட்டத்தின்போது, ஜெர்மானியத் தேசியக் குழுவின் பயிற்றுநர். 2018-ல் பெர் மெர்தசாக்கர் ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் குமட்டிக்கொண்டு வரும் என்றார். 2006 உலகக் கிண்ண அரையிறுதியில் தோற்றபோது ஏமாற்றத்தைவிட, 'அப்பாடா, முடிந்தது' என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது என்றார். நூற்றுக்கும் மேற்பட்ட முறை நாட்டுக்காக ஆடியவர், உலகக் கிண்ணம் வென்றவர் சொல்கிறார் இதை. அதற்கும் லோத்தார் மத்தேயஸ் குறை சொன்னார். 2020-ல் ஆந்த்ரே ஷூர்லே 29 வயதில் நிறுத்தினார். 2014 உலகக் கிண்ண இறுதியில் வெற்றி கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த அதே ஷூர்லே.

ஆக, கிண்ணம் வெல்லாதவர் பலவீனர், வென்றவர் நன்றிகெட்டவர். நல்லா இருக்கே உங்க நியாயம்.

எனக்கு வழக்கமாக வரும் மறுப்புகள் இரண்டு. ஒன்று, பிரேசிலின் ரொனால்டோ. 'அவனுக்கும்தான் முழங்கால் ரெண்டு தடவ போச்சு, திரும்பி வந்து 2002-ல எட்டு கோல் அடிக்கலையா, இறுதியாட்டத்துல ஜெர்மனிக்கே ரெண்டு அடிக்கலையா?' அடித்தார். அற்புதமான மீட்சி. ஆனால் ஒருவர் ஆற்றைக் கடந்தார் என்பது ஆறு ஆழமில்லை என்பதற்குச் சான்றாகாது. கடந்து வந்தவரிடம் மட்டும் பேட்டி எடுத்து ஆற்றை அளப்பது என்ன கணக்கு? ஊக்கப் பேச்சாளர்கள் நம் பள்ளி மண்டபங்களிலும் புலனக் குழுக்களிலும் தினமும் செய்வது இந்தக் கணக்கைத்தான். 'விடாதே, விழுந்தால் எழு' என்று காலை வணக்கத்தோடு அனுப்புகிறார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

இரண்டாவது மறுப்பு பணம். 'கோடி கோடியா சம்பாதிச்சாச்சு, அப்புறம் என்ன சோர்வு?' இதைச் சொல்பவர்களுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். டெய்ஸ்லர் விலகியபோது பாயர்னோடு ஒப்பந்தம் இன்னும் மீதம் இருந்தது. பேசாமல் மருத்துவ அறையில் படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கியிருக்கலாம். விட்டுவிட்டுப் போனார். பணத்துக்காகத் துரோகம் செய்தான் என்று 2001-ல் கூவியவர்கள் 2007-ல் பணத்தை விட்டுப் போனதற்காக ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னார்களா?

பணம் இருந்தால் மனநோய் வராது என்று நம்புகிறவர்களுக்கு ராபர்ட் என்கேயை நினைவூட்டுகிறேன். 1998-99 பருவத்தில் இறங்கிப்போன அந்தக் கிளாட்பாக் குழுவில் டெய்ஸ்லரோடு கோல்காவலராக நின்றவர். பின்னாளில் ஜெர்மனியின் தேசியக் கோல்காவலர். என்கேவுக்கும் மனச்சோர்வு இருந்தது. அவர் அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் தத்தெடுத்த மகளைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம். 2009 நவம்பர் 10-ல் 32 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹனோவர் அரங்கத்தில் பல்லாயிரம் பேர் அழுதார்கள். அடுத்த ஆண்டு அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். டெய்ஸ்லர் தன் கதையைச் சொன்ன புத்தகம் அதே 2009-ல், அந்த மரணத்துக்குச் சில வாரங்கள் முன்னால்தான், வெளிவந்திருந்தது. 'மீண்டும் வாழ்க்கைக்குள்' என்ற பொருள் தரும் தலைப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஓய்வறையில் சட்டை மாற்றிய இரண்டு இளைஞர்கள். ஒருவர் வெளியே சொன்னார், நிறுத்தினார், இன்று உயிரோடு இருக்கிறார். இப்படிச் சொன்னவரை, நிறுத்தியவரை நாம் எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறோம்? பாழாய்ப்போனவர்கள் பட்டியலில்.

நோய் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம், ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்திருந்தால் என்று கணக்குப் போட எனக்கு உரிமை இல்லை. போடவும் மாட்டேன். ஆனால் நிறுத்துவது ஒரு வழி என்று கேட்டுப் பழகாத காதுகளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, அவை நம்முடைய காதுகள்.

வேலையிடத்தில் தினமும் பார்க்கிறேன். ஒருவர் ஃபுட்சாலில் கணுக்காலைப் பிசகிக்கொண்டு எம்.சி. கொண்டுவந்தால் நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம், தேத்தாரே வாங்கிக் கொடுக்கிறோம், கட்டுமேல் கையெழுத்துப் போடுகிறோம். அதே ஆள் மனநல மருத்துவரிடமிருந்து எம்.சி. கொண்டுவந்தால், 'அவனுக்கு வேல செய்யப் பிடிக்கல, டிராமா' என்கிறோம். அதனால் அடுத்த முறை அவரும் முதுகுவலி என்றே எழுதி வாங்கி வருவார். உடம்புக்குள் ஒளிந்துகொள்ளும் பழக்கத்தை இப்படித்தான் நாமே கற்றுக்கொடுக்கிறோம். பண்டஸ்லீகாவுக்கும் நம் தொழிற்சாலைத் தளத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இலக்கியம் படிக்கிற நாமாவது சொற்களில் கவனமாக இருக்க வேண்டாமா? ஒரு சிறுகதை எழுதிய பெண்ணை 'நாளைய நம்பிக்கை' என்று மேடையேற்றி, இரண்டு வருடம் கழித்து, 'ஏன் எழுதறதில்ல, வீணாக்கிட்டியே' என்று அவரைக் கேட்பதும் அதே வசூல் நோட்டுதான். யாரும் யாருக்கும் எழுத்தையோ ஆட்டத்தையோ கடன்பட்டிருக்கவில்லை.

இயந்திரத்தோடு ஒப்பிட்டுத் தொடங்கினேன். அந்த ஒப்புமை உடைகிற இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். தண்டு தானாக நிற்காது. விரிசல் முழுக்க ஓடி முடிக்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு துண்டாகும். மனிதன் அதற்கு முன்னால் கையைத் தூக்கி, போதும் என்று சொல்ல முடியும். டெய்ஸ்லர் சொன்னார். 27 வயதில், எல்லாக் கேமராவும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நாடு தன்மேல் எழுதிவைத்திருந்த கனவைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஆடிய ஆட்டங்களில் நான் பார்த்த எந்த ஃபிரீ கிக்கையும்விட எனக்கு அதுதான் பெரிது.

அதனால் அடுத்த முறை அந்தக் காணொளிப் பட்டியல் வந்தால், பின்னூட்டத்தில் 'பாவம்' என்று எழுதாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தினார் என்று எழுதுங்கள். வாக்கியத்தின் எழுவாய் டெய்ஸ்லராக இருக்கட்டும், முழங்கால் வேண்டாம்.